அடுப்படிச் சுவருக்கு ஏற்றது எது?

இல்லத்தின் முகம் தலைவாசல் என்பர். ஆயினும், ஓர் இல்லத்தின் நலத்தை உள்ளபடி அறிய விரும்புவோர் குசினியையே நோக்குதல் வேண்டும். அங்கும், அடுப்புக்குப் பின்னால் நிற்கும் சுவரே மிகுதியும் உழைப்பது. தாளிதத்தில் தெறிக்கும் எண்ணெய், மஞ்சள், புளிக்கரைசல், புகை ஆகிய அனைத்தையும் அதுவே ஏற்கின்றது. அச்சுவரில் எதனைப் பதிப்பது என்பது புதுமனை கட்டுவோரிடையே இன்று எழும் வினா.

நம் பாட்டிமார்க்கு இக்கவலை இருந்ததில்லை. மண்சுவர் கறுத்தால் மீண்டும் மெழுகினர். ஓலை மறைப்பு நைந்தால் புதிது கட்டினர். போரின் பின்னர் நிலை மாறியது. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பம் ஒன்றிற்கு ஐந்தரை இலட்சம் ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. மன்னார் மாவட்டத்திலும் கல்வீடுகள் எழுந்தன. அத்தகைய வீட்டில் சுவரை அழகுசெய்வது பெரும்பாலும் கைப்பணத்தையோ கடனையோ நம்பிய வேலை. எனவே, பொருளைப் பிழைபடத் தேர்தல் சிறு இழப்பன்று.

மன்னார்த் தீவில் சுவரின் முதற்பகை நெருப்பன்று, உப்பே. சோளகமும் வாடையும் கடலின் உவர்ப்பை வீட்டினுள் கொணர்கின்றன. கழுவாத கடல்மணலும் உவர்க்கிணற்று நீரும் பூச்சுக்குள்ளேயே உப்பைப் புகுத்துகின்றன. ஈரத்தில் கரைந்த உப்பு, சுவர் உலருங்கால் பளிங்காகி விரிந்து பூச்சைத் தள்ளுகின்றது. இதனையே உப்புப் பூத்தல் என்கிறோம். அத்தகைய சுவரின் மேல் எத்துணை விலையுயர்ந்த ஓட்டைப் பதிப்பினும் அது கழன்று விழும். ஆகவே, நன்னீரும் கழுவிய மணலும் கொண்டு பூசி, சுவரை நன்கு உலரவிட்ட பின்னரே அதன்மேல் கைவைத்தல் வேண்டும்.

இனிப் பொருள்களை நோக்குவோம். மெருகிட்ட சுவர் ஓடு நமக்கு மிகவும் பொருத்தமானது. அதன் மேற்பரப்புக் கண்ணாடியை ஒத்தது. எண்ணெயும் உப்பும் புளிப்பும் அதனைத் தீண்டா. அதன் குறை ஓட்டில் இல்லை, இணைப்பில் உள்ளது. மாணவர்கள் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். ஆறடி நீளமும் ஈரடி உயரமும் உள்ள சுவரில் நான்கு அங்குலச் சதுர ஓடுகளைப் பதித்தால் 108 ஓடுகள் வேண்டும். அவற்றின் இணைப்புக் கோடுகள் 64 அடி. ஓரடி அகலமும் ஈரடி உயரமும் உள்ள ஓடுகளாயின் ஆறே போதும்; இணைப்புப் பத்தடி மட்டுமே. மஞ்சளும் அழுக்கும் தங்குமிடம் இணைப்பே ஆதலின், பெரிய ஓடே இல்லத்தரசியின் உழைப்பைக் குறைப்பது. இணைப்புக்கு வெண்ணிறச் சீமெந்தைத் தவிர்த்துச் சாம்பல் நிறத்தைக் கொள்க.

நம்மூரில் பளபளக்கும் ஓடுகளையெல்லாம் மாபிள் என்றே சொல்வர். உண்மையான மாபிள் சுண்ணாம்புக் கல்லினம். புளியும் தேசிக்காயும் பட்ட இடத்தில் அது அரிக்கப்பட்டு ஒளி மங்கும். கருங்கல்லுக்கு அக்குறை இல்லை. எனினும், மெருகிட்ட கரிய பரப்பில் நம் கிணற்று நீரின் வெண்கறை எளிதிற் புலப்படும். எவர்சில்வர்த் தகட்டிலும் தரவேறுபாடு உண்டு. 304 என்னும் தரம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளிகள் கொள்ளும். மொலிப்டினம் கலந்த 316 கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடும். கண்ணாடி பதிப்போர் பதப்படுத்திய கண்ணாடியையே நாடுக. ஒட்டுத்தாள் வகைகள் தீயருகே ஆகா.

பணம் குறைந்தோர் வருந்த வேண்டியதில்லை. சீமெந்துப் பால் பூசி வழுவழுப்பாகத் தேய்த்த சுவரும் நெடுநாள் உழைக்கும். அடுப்பின் நேர்ப் பின்புறத்தில் மட்டும் ஓடு பதித்தாலும் போதும்.

இன்னொன்றும் கருதற்பாலது. 2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது பல குடும்பங்கள் விறகடுப்புக்கு மீண்டன. ஆகவே, இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் சுவரே அறிவுடைய தேர்வு. விறகு எரியுமிடத்தில் கண்ணாடியும் எண்ணெய் வர்ணமும் வேண்டா. ஓடு கூரையருகு வரை உயர்தல் நன்று.

ஆயினும், ஓடு சுவரைக் காக்குமேயன்றித் தாயின் நெஞ்சைக் காக்காது. புகைபோக்கியும் ஒரு சாளரமும் இல்லாத குசினியில் வண்ண ஓடு பதித்தல், நோயாளிக்கு மருந்து கொடாது பட்டாடை உடுத்துவது போலாம். கையிலுள்ள பணம் இரண்டில் ஒன்றுக்கே போதுமாயின், புகை வெளியேற வழிசெய்க. ஓடு அடுத்த ஆண்டு வரட்டும்.