கொத்துகிற கோழிக்குப் பத்து நிமிடம்

கால்நடை மருத்துவர்களாகிய நாம் கோழியைப் பற்றிப் படித்ததெல்லாம் ஆயிரக்கணக்கில்தான். ஆயிரத்துக்கு எத்தனை செத்தது, ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் போனது, எத்தனை விழுக்காடு முட்டை விழுந்தது என்பதுதான் நம் கணக்கு. பண்ணைக்குள் நுழைந்தால் கொட்டகையைப் பார்ப்போம், கோழியைப் பார்க்க மாட்டோம். நோய் என்றால் செத்ததை அறுத்துப் பார்ப்போம். நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் இந்தப் படிப்பு போதும். தாம்பரத்து மாடி வீட்டிலிருந்து ஒற்றைக் கோழியை அட்டைப் பெட்டியில் தூக்கிவந்து, "டாக்டர், மீனு எல்லாரையும் கொத்துறா" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இது போதாது.

நாம் வழக்கமாகச் செய்வது ஒரு சிரிப்பு, ஒரு வைட்டமின் டானிக், அடுத்த டோக்கன். அந்தச் சிரிப்பை விட்டுவிடலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. நாய் நொண்டுகிறது, மாடு அசை போடவில்லை என்றால் எப்படி விவரம் கேட்போமோ, கோழி கொத்துகிறது என்றாலும் அப்படிக் கேட்க வேண்டும். எங்கே கொத்துகிறது, எப்போது, யாரை, உடம்பில் எந்த இடத்தை, கொத்தியதும் அவர் என்ன செய்கிறார்? பத்து நிமிடம் ஆகும். பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

அதற்கு முன்னால், வந்திருப்பது பெட்டைதானா என்று பார்த்துவிடுவோம். கேலியாகச் சொல்லவில்லை. நகரத்துச் செல்லக் கோழிகளில் பல, பள்ளி வாசலிலும் திருவிழாவிலும் கூடையில் விற்கிற சாயக் குஞ்சுகளாக வீட்டுக்கு வந்தவை. முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகத்தில் சேவல் குஞ்சால் பயனில்லை. பெட்டையைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சுவதுதான் பச்சையும் ரோஸும் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகிறது. அதில் பிழைத்து வளர்ந்து ஆட்களைத் துரத்துவது அநேகமாக 'மீனு' என்று பெயர் வைத்த சேவலாகவே இருக்கும். சேவலின் சண்டைக் குணத்தை இன்னோர் இதழில் பேசுவோம். வயதான பெட்டை திடீரென்று கூவ ஆரம்பித்து, காலில் முள்ளும் வளர்ந்து, ஆளையும் கொத்துகிறது என்றால் சங்கதி வேறு. கோழிக்கு இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்கிறது. கட்டியாலோ அழற்சியாலோ அது கெட்டுப்போனால், வலப்பக்கம் வளராமல் கிடந்த திசு விதையைப் போல வளர்ந்து ஆண் ஹார்மோனைச் சுரக்கக்கூடும். வீட்டில் அபசகுனம் என்று பேசிக்கொள்வார்கள். நமக்கு அது வயிற்றைத் தடவிப் பார்க்கவும் ஸ்கேன் எடுக்கவும் காரணம்.

இனி கேள்விகளுக்கு வருவோம். எங்கே கொத்துகிறது என்பதற்கு, "கூட்டுக்குள்ள கைய விட்டா மட்டும்" என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. உடம்பை உப்பி, இறகைச் சிலிர்த்து, கேறிக்கொண்டு கிடக்கிறதா? நாளுக்கு ஒரு தடவை இறங்கி, அவசரமாகத் தின்று, பெரிய எச்சமாகப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடுகிறதா? அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். புரோலாக்டின் ஏறியிருக்கும் அந்த நாட்களில் முட்டையை எடுக்கப் போகிற கை அதற்கு எதிரியின் கை. லெகார்ன் வழிவந்த முட்டைக்கோழிகளிடமிருந்து அடை குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் கழித்துவிட்டார்கள். சிறுவிடையிடமும் அசீலிடமும் அது அப்படியே இருக்கிறது. பண்ணைக் கோழி மட்டுமே பார்த்துப் பழகிய இளம் மருத்துவர்கள் இதை நோய் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் எழுதுவது நடக்கிறது.

சேவல் இருந்து முட்டை கருக்கூடியதாக இருந்தால் 21 நாள் விட்டுவிடலாம். குஞ்சு வந்த பின்னும் சில வாரம் தாய்க்கோழி கொத்தத்தான் செய்யும், குஞ்சுகளை அது பிரித்துவிடும்போது தானே அடங்கும். சேவல் இல்லாத மாடியில் நிலைமை சங்கடமானது. பொரியாத முட்டை மேல், சில நேரம் வெறும் தரை மேலேயே, 21 நாள் கடந்தும் உட்கார்ந்து எடை குறைந்து போகும். அடையைக் கலைத்துவிடுவதே நல்லது. மூக்குத் துளையில் இறகைச் செருகுவதும் தண்ணீரில் முக்கி எடுப்பதும் கிராமத்து வழக்கம். முதலாவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது கோழிக்கு வெறும் வேதனை. இரண்டாவதில் ஒரு யோசனை ஒளிந்திருக்கிறது. அடிவயிறு கூட்டின் மேல் பட்டுக்கொண்டே இருப்பதுதான் புரோலாக்டினை ஏற்றி வைத்திருக்கிறது. அந்தத் தொடுகையும் சூடும் அற்றுப்போனால் அதுவும் இறங்கும். ஆனால் நனைந்து நடுங்கித்தான் அது நடக்க வேண்டும் என்பதில்லை. தரையிலிருந்து உயர்த்தி வைத்த கம்பித்தளக் கூண்டு, கீழே காற்று, நல்ல வெளிச்சம், தீவனம், தண்ணீர் இருந்தால் போதும், மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். வைக்கோலோ சாக்கோ உள்ளே போடக் கூடாது என்பதை இரண்டு தடவை சொல்லி அனுப்புங்கள். பாவம் பார்த்துப் போட்டுவிடுவார்கள்.

"அம்மாவோட கால மட்டும் கொத்துது" என்பது இன்னொரு வகை. குனிந்து அந்த அம்மாளின் காலைப் பாருங்கள். மெட்டி இருக்கும், கொலுசு மணி இருக்கும், நெயில் பாலிஷ் இருக்கும். கோழியின் கண்ணில் நிறம் காணும் கூம்பணுக்கள் நான்கு வகை. நமக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் அதற்குத் தெரியும். பளிச்சென்று தரை மட்டத்தில் அசையும் எதுவும் அதற்குச் சோதித்துப் பார்க்க வேண்டிய பொருள்தான். சோதிக்க அதனிடம் கை இல்லை, தொடு உணர்வு செறிந்த அலகு நுனி இருக்கிறது. மச்சம், ஆறுகிற புண்ணின் பொருக்கு ஆகியவற்றைக் கொத்துவதும் இதே கணக்கில் சேரும். கோபத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொத்தியதும் என்ன செய்வீர்கள்? "ஐயோன்னு கத்திட்டுக் கொஞ்சம் பொரிய அள்ளிப் போடுவேன் டாக்டர், அது போயிரும்." போகும், நாளைக்குத் திரும்பி வரும். கொத்தினால் பொரி என்று நன்றாகவே பழக்கிவிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் கெல்லர் பிரிலண்டும் மரியன் பிரிலண்டும் தானியத்தைக் கூலியாகக் கொடுத்துப் பொம்மைப் பியானோவைத் தட்டுவது வரைக்கும் கோழிகளைப் பழக்கிக் காட்டினார்கள். தீனிக்காகக் கிளறுவதும் கொத்துவதும் எப்படிப் பயிற்சியையும் மீறித் தலைதூக்கும் என்று 1961இல் அவர்கள் எழுதிய கட்டுரையை நடத்தையியல் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நம் மீனுவுக்குப் பயிற்சியும் இயல்பும் ஒரே பக்கம் இழுக்கின்றன. அது கற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

விரலால் ஊட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். தீனி தட்டில்தான், அதுவும் கோழி ஓரடி தள்ளி நிற்கும்போதுதான். கொத்தினால் கத்தலும் இல்லை, துள்ளலும் இல்லை, பொரியும் இல்லை. சில நாள் ஷூவும் முழுக்கால் உடையும் போட்டுக்கொள்ளட்டும். முதல் சில நாளில் கொத்தல் குறையாது, கூடும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மிக மோசமான நாளில் மனமிளகிப் பொரியைப் போட்டு, இன்னும் விடாப்பிடியாகக் கொத்தக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். மொட்டை மாடியில் ரகசியமாக முறுக்கு உடைத்துப் போடுகிற தாத்தா ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். அவரையும் கிளினிக்குக்கு அழைத்துவரச் சொல்லுங்கள்.

கொத்துவதை நிறுத்து என்றால் வேறெதைக் கொத்துவது? ஆக்ஸ்ஃபோர்டின் மரியன் டாக்கின்ஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வில், உயிரியல் பூங்காவில் திரிந்த சிவப்புக் காட்டுக்கோழிகள், கவனித்த நிமிடங்களில் சுமார் 60 விழுக்காட்டில் தரையைக் கொத்திக்கொண்டிருந்தன, தீவனம் வைத்திருந்தும்தான். வீட்டுக் கோழியின் மூதாதை அது. அந்த வழியில் வந்த கோழியை மொசைக் தரையில் விட்டு, ஒரு கிண்ணத்தில் தீவனத்தைக் கொட்டிவைத்தால் பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும். மிச்ச நாள் முழுக்க அதன் பார்வைக்குக் கிடைப்பது நம் கால்கள்தான். ஒரு மரப்பெட்டியில் சருகையும் மண்ணையும் நிரப்பிக் கம்பையோ உடைத்த சோளத்தையோ அதில் தூவலாம். கீரைக்கட்டை எட்டும் உயரத்தில் தொங்கவிடலாம். மண்குளியலுக்கு இடம் வேண்டும். ஒற்றைக் கோழிக்கு நாம்தான் கூட்டம், அதுவும் நல்லதல்ல. துணைக்கு இரண்டு பெட்டைகள் சேர்க்க முடிந்தால் சேர்க்கட்டும். ராணிக்கெட் தடுப்பூசி போட்டு, சில வாரம் தனியே வைத்து, பிறகு வலைக்கு இருபுறமும் பார்த்துப் பழகவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

உடம்பு சரியில்லாத கோழி கொத்துவது சுருக்கமான விஷயம். நேற்று வரை மடியில் உட்கார்ந்தது இன்று தூக்கினால் கொத்துகிறது என்றால் வலி இருக்கிறதா என்று தேடுங்கள். உள்ளங்கால் வீக்கம், வயிற்றில் சிக்கிய முட்டை, இறக்கைக்கடியிலும் எச்சவாய் ஓரத்திலும் செல், பேன், ஒரு கண்ணில் பார்வைக் குறைவு என்று பார்க்க வேண்டியவை அதிகமில்லை. பகலில் கோழி மேல் ஒன்றும் தெரியாவிட்டால் இரவில் டார்ச் அடித்துக் கூட்டின் இடுக்குகளைப் பார்க்கச் சொல்லலாம். மேலிருந்து இறங்கும் கை பருந்தைப் போலத் தெரியும் என்பதால், பக்கவாட்டில் தாழ்வாகக் கை நீட்டி, இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்குவதைச் செய்து காட்டுங்கள்.

மூக்கை வெட்டிவிடுங்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. பண்ணையில் டீபீக்கிங் பார்த்திருப்பார்கள். வெட்டிய அலகின் குறையில் நரம்பு முனைகள் முடிச்சிட்டு, இயல்புக்கு மாறான சமிக்ஞைகளை அனுப்புவதை பிரிவார்ட், ஜென்டில் என்னும் ஆய்வாளர்கள் 1985இலேயே காட்டிவிட்டார்கள். வளர்ந்த செல்லக் கோழிக்கு, மனிதர் காலைக் கொத்துகிறது என்பதற்காக இதைச் செய்ய எந்தச் சிகிச்சை நியாயமும் இல்லை. இங்கே மறுத்துவிட வேண்டும், பேரம் இல்லை. அளவுக்கு மீறி வளர்ந்த நுனியை அரத்தால் ராவிவிடுவது வேறு காரியம்.

"தரையில் அழுத்திப் பிடித்து யார் பெரியவர் என்று காட்டுங்கள்" என்னும் அறிவுரையும் சுற்றுகிறது. நார்வேயின் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் விவரித்த கொத்து வரிசை, கோழிக்கும் கோழிக்கும் இடையிலானது. அதில் மனிதர் போய் நின்றுகொள்ள வேண்டியதில்லை. அழுத்திப் பிடித்தால் கோழி பயப்படும், பயந்த கோழி இன்னும் கொத்தும்.

கொத்துப்பட்டவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறிநாய்க்கடி ஊசி வேண்டுமா என்று கேட்பார்கள். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய், கோழி கொத்துக்கு அந்த ஊசி தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். குழந்தையின் முகத்தருகே கோழியைத் தூக்க விடாதீர்கள், கண்ணில் படும் கொத்து விளையாட்டல்ல. காலில் நரம்புச் சுருட்டல் உள்ள முதியவர் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப்போன 76 வயதுப் பெண்மணி, சேவல் கொத்தி அப்படிப்பட்ட நரம்பு கிழிந்து ரத்தம் போய் இறந்ததை 2019இல் தடயவியல் இதழில் பதிவுசெய்திருக்கிறார்கள். சேவல் செய்தது பெட்டைக்கும் முடியாததல்ல.

இத்தனைக்குப் பிறகும் கொத்துகிற கோழி உண்டு. சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்த அசீல் ரத்தம் கலந்தவற்றில் பார்க்கலாம். தோட்டமும் கூட்டமும் உள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்வது தோல்வி அல்ல. சிலர் கொடுக்க மாட்டார்கள், தாங்களே அறுத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். அது அவர்கள் முடிவு, முகம் சுளிக்க வேண்டாம். செல்லுக்குப் போட்ட மருந்தின் விலக்குக் காலம் முடிந்துவிட்டதா என்று சீட்டைப் பார்த்து, இறைச்சிக்கு இத்தனை நாள், முட்டைக்கு இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.