சோறு போனது, சர்க்கரை போனதா?

சர்க்கரை நோய் இருப்பது தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது, இரவுச் சாப்பாட்டில் சோறு போய்ச் சப்பாத்தி வருவதுதான். பிறகு கேழ்வரகு தோசை, காபிக்கு நாட்டுச்சர்க்கரை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி, 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவில் 64, கேழ்வரகில் 67. வித்தியாசம் இல்லாமல் இல்லை. ஆனால் 'இது சர்க்கரைக்கு நல்லது' என்ற தைரியத்தில் இன்னொரு சப்பாத்தி வைத்துக்கொண்டால் அந்த லாபம் கரைந்துவிடும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா என்றால் கேட்கவே வேண்டாம். நாட்டுச்சர்க்கரையும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான், நிறம்தான் வேறு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் சொன்னது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வந்தது. நாம் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து. அதன் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிட்டவர்களிடம் நோய் வாய்ப்பு குறைந்து காணப்படவில்லை; மாவுச்சத்தில் ஒரு சிறு பங்குக்குப் பதிலாகப் பருப்பு, பால், முட்டை, மீன் சேர்ந்தபோது குறைந்திருந்தது. இது கணக்கெடுப்பு, காரணத்தை நிறுவும் சோதனை அல்ல. நோய் வருவதைப் பற்றியது, வந்தவரின் சிகிச்சையைப் பற்றியதும் அல்ல. என்றாலும், சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதில் மாவுச்சத்தின் அளவுக்கே பெரும்பங்கு என்பதில் மருத்துவர்களுக்குள் சண்டை இல்லை.

சிறுதானியத்தில் நார்ச்சத்து இருக்கிறதே என்பார்கள். உண்மை, தவிடு நீக்காமல் முழுசாக வேகவைத்தால் பலன் உண்டு. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் விறுவிறுவென்று செரித்துவிடும். சோற்றைக் குறைத்துப் பொரியலையும் சுண்டலையும் கூட்டுவதே மேல். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் பருப்பின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழைக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா என்ற கேள்விதான் கனமானது. தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசம். 30 ரூபாய்த் துவரம்பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே அனுப்பும் அரசு, அந்தப் பருப்பை இரண்டு கிலோவாக்கலாம்.