பக்க வாசல் எந்தத் தெருவைப் பார்த்து?

எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் புதுக்கோயில் எழும்பிக்கொண்டிருக்கிறது. கோபுர உயரம், கிரானைட் தரை, வண்ணக் கண்ணாடி எல்லாவற்றையும் பற்றிப் பங்கு மக்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். உள்ளே யார் எந்த வழியாக வந்து எங்கே உட்காருவார்கள் என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை. பிளான் போடும்போதே தீர்மானமாகிவிடுகிற விஷயம் அது. வடக்கன்குளத்தை வைத்துக்கொண்டு நாம் இதை மறக்கலாமா?

தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அங்கே 1872-ல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்குக் காற்சட்டைக் கோயில் என்று பெயர். இரண்டு நீள மண்டபங்கள் இரு கால்களாக விரிந்து நிற்க, அவை வந்து சேரும் இடத்தில் பீடம். ஒரு மண்டபம் வேளாளருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும், மற்றது நாடார்களுக்கு. சாமியார் ஒருவர், பூசை ஒன்று. எந்தப் பக்கம் முழங்காலிட்டாலும் பீடம் கண்ணில் படும். அடுத்த மண்டபத்தில் இருப்பவர் படமாட்டார்.

சும்மா அமைந்துவிடுகிற வடிவமா இது? மண்டபங்களை எவ்வளவு சாய்க்க வேண்டும், பீடத்தை எங்கே வைத்தால் இரு பக்கமும் தெரியும் என்று கணக்குப் பார்த்துத்தான் அஸ்திவாரம் தோண்டியிருப்பார்கள். சண்டை ஓயட்டும், இரண்டு தரப்பும் ஒரு கூரைக்குக் கீழ் வரட்டும் என்ற எண்ணம் அதில் இருந்திருக்கலாம். என் மனம் அதை ஏற்கவில்லை. வாய்ச்சண்டை ஒரு தலைமுறையில் ஆறக்கூடும். அதையே செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிவிட்டால், பிறகு பிறக்கிற பிள்ளை கோயில் என்றாலே இப்படித்தான் என்று நினைத்து வளரும்.

1910-ல் கௌசானல் சாமியார் காலத்தில் இரண்டு மண்டபங்களையும் பிரித்த தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் திரும்ப வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. எழுப்பியதற்கும் இடித்ததற்கும் நடுவே 38 வருஷம்!

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, சுவரை ஒட்டியிருந்த பீடம் முன்னால் வந்தது. குருவானவர் மக்களைப் பார்த்துத் திருப்பலி நிறைவேற்றுகிறார். அதனால் இன்று பல புதுக்கோயில்களை விசிறி போல விரித்துக் கட்டுகிறார்கள். வடக்கன்குளத்தில் இருந்த அதே சாய்கோடுகள்தான். நடுவில் மறைப்பு இல்லாததால், பீடத்தைப் பார்க்கிறவர் எதிர்ச் சாரியில் இருப்பவர் முகத்தையும் பார்க்கிறார். ஒரே வடிவம் எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது.

ஆற்றோரத்து ஊர் ஒன்றில் புதுக்கோயில் பிளானை மேசையில் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் பாட்டுப் புத்தகங்களை வைத்திருந்தார்கள். ஆண்கள் கோபுரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற ஒரு பாட்டி தாளைத் தொட்டுக் கேட்டார்: "ஏய்யா, பக்க வாசல எந்தத் தெருவப் பாத்து வைக்காவ?" அங்கே யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. வரைபடத்தில் அந்த வாசல் மேட்டுத் தெரு பக்கம் இருந்தது. பாட்டியின் தெருக்காரர்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

நம் கட்டடக் குழுக்கள் முதலில் எடுக்க வேண்டிய கேள்வி இதுதான். எல்லாத் தெருவும் ஒரே முன்வாசலில் வந்து சேர்கிறதா? சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் முன்வாசலிலேயே இருக்கிறதா, பின்பக்கம் ஒதுக்கிவிட்டார்களா? வரி கட்டுகிற ஒவ்வொரு குடும்பமும் இதைக் கேட்கலாம். கூடவே கல்லறைத் தோட்டத்தின் பிளானையும் வாங்கிப் பாருங்கள். திருச்சி மேலப்புதூரில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் எழுப்பியது கல்லறைத் தோட்டத்துக்குள்தான்.