ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு எழுந்திரிக்கறது?

ஒரு சின்ன கற்பனை ஃப்ரெண்ட்ஸ். உங்க கேங்ல நாலு பேர் சேர்ந்து ஒரு வெப்சைட் ஆரம்பிக்கறீங்க. சீனியர்களோட பழைய புத்தகம், டிராஃப்டர், லேப் கோட், சைக்கிள் எல்லாத்தையும் ஜூனியர்களுக்கு விக்கற ஆன்லைன் சந்தை. முதல் மாசம் 40 பொருள்தான். நண்பன் ரூம்ல கிடக்கற பழைய கம்ப்யூட்டர்லயே டேட்டாபேஸ் ஜம்முனு ஓடுது.

அடுத்த வருஷம் பக்கத்துல இருக்கற நாலு காலேஜும் சேர்ந்துக்குது. ஒரே நாள்ல ஆயிரக்கணக்கானவங்க உள்ளே நுழையறாங்க. ஹார்டு டிஸ்க் நிரம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு சைட் படுத்துடுது. காலைல இன்டர்னல் டெஸ்ட். யாரு எழுந்து போய் சரி பண்றது? நாலு பேரும் போர்வையை இழுத்து மூடிக்குவீங்க!

சிரிக்காதீங்க. அமேசான் மாதிரி ஒரு மெகா கடையையே 15 வருஷம் துரத்தின கேள்வி இது.

ஒரு பயிற்சி மாணவரின் கேள்வி

2004 டிசம்பர். அமெரிக்காவுல கிறிஸ்துமஸ் ஷாப்பிங் உச்சத்துல இருந்த நேரம். அமேசானோட டேட்டாபேஸ் பாரம் தாங்காம தடுமாறி, கடையே ஸ்தம்பிச்சுது. அப்போ அமேசான் ஓடினது ஆரக்கிள் டேட்டாபேஸ்ல. அப்புறம் வழக்கம்போல ஒரு பிரேதப் பரிசோதனை மீட்டிங். பெரிய தலைகள் எல்லாம் உட்கார்ந்திருக்க, சுவாமிநாதன் சிவசுப்பிரமணியன்னு ஒரு இன்டர்ன் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார். இந்த வேலைக்கு எதுக்குங்க ரிலேஷனல் டேட்டாபேஸ்?

ரிலேஷனல் டேட்டாபேஸ்னா நீங்க டி.பி.எம்.எஸ். பேப்பர்ல படிக்கற அதே சமாச்சாரம்தான். பல டேபிள், அதுங்களைச் சேர்க்க ஜாயின். அமேசான்காரங்க தங்களோட பழக்கத்தை அலசிப் பார்த்தா, ஆச்சரியம்! 70 சதவிகித வேலை ஒரே ஒரு பிரைமரி கீயைக் கொடுத்து ஒரே ஒரு வரியை எடுக்கறது. இன்னொரு 20 சதவிகிதம், பல வரிகளை எடுத்தாலும் ஒரே டேபிளோட முடிஞ்சுபோறது. ஜாயினுக்கு அங்கே வேலையே இல்லை. தீப்பெட்டி வாங்க லாரி எடுத்துட்டுப் போன கதை!

அதுக்காகவே டைனமோன்னு ஒண்ணை உருவாக்கினாங்க. 2007-ல் அதைப் பத்தி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளியிட்டாங்க. கட்டுரை எழுதினவங்கள்ல அந்த இன்டர்னும் ஒருத்தர். இன்னொருத்தர் அவினாஷ் லட்சுமண். அவர் பிறகு ஃபேஸ்புக்ல கசாண்ட்ரா டேட்டாபேஸை உருவாக்கினவர்கள்ல ஒருத்தர். கேள்வி கேட்டா என்னவெல்லாம் நடக்குது பாருங்க.

பாத்திரம் கழுவறது யாரு?

கதை இங்கே முடியலை. டைனமோ அபார வேகம், அசராத உழைப்பு. ஆனா அமேசானுக்குள்ளேயே பல இன்ஜினீயர்கள் அதைச் சீந்தலை! காரணம், ஒவ்வொரு டீமும் அதைத் தானே நிறுவணும், தானே பராமரிக்கணும், ராத்திரியில தானே எழுந்திரிக்கணும். அதுக்குப் பதிலா, வேற ஒரு டீம் பராமரிச்சுக் கொடுத்த சிம்பிள்டிபி பக்கம் போனாங்க. அதுல ஒரு தொகுப்புக்கு 10 ஜி.பி.க்கு மேல இடம் கிடையாது. இருந்தாலும் பரவாயில்லைன்னு போனாங்க.

ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ரூம்ல தானே சமைச்சா ருசியா சாப்பிடலாம். ஆனா காய் வாங்கணும், கேஸ் தீர்ந்தா ஓடணும், பாத்திரம் கழுவணும். மெஸ்ல சாம்பார் சுமார்தான். ஆனா தட்டை நீட்டினா போதும். செமஸ்டர் நெருங்க நெருங்க எல்லாரும் மெஸ் பக்கம்தான்!

இந்த மெஸ்தான் மேனேஜ்டு டேட்டாபேஸ். 2012 ஜனவரியில டைனமோவோட திறமையையும் மெஸ்ஸோட சௌகரியத்தையும் சேர்த்து டைனமோடிபி வந்துச்சு. ரிலேஷனல் டேட்டாபேஸே வேணும்னாலும் இன்னிக்கு இதே மாதிரி வாடகைக்குக் கிடைக்குது. மெஷின் கெட்டா மாத்தறது, பேக்கப் எடுக்கறது, சாஃப்ட்வேர் ஓட்டைகளை அடைக்கறது, ஒரு காப்பி படுத்தா இன்னொரு காப்பியை எழுப்பி நிறுத்தறது எல்லாம் அவங்க பொறுப்பு. டேபிளை ஒழுங்கா டிசைன் பண்றது, இண்டெக்ஸ் போடறது, பாஸ்வேர்டைப் பத்திரமா வெச்சுக்கறது, மாசக் கடைசியில பில் கட்டறது நம்ம பொறுப்பு. இதை மறந்துட்டு, மெஸ்ல சேர்ந்துட்டோம், இனி எல்லாம் அவங்க பாத்துக்குவாங்கன்னு இருந்தா சூப்பரா மாட்டிக்குவீங்க.

கடையை மூடாம கடை மாத்தறது

சரி, பழைய இடத்துல இருந்து புது இடத்துக்கு எப்படிப் போறது? வீடு மாத்தற மாதிரி ஒரு நாள் லீவு போட முடியாது. வியாபாரம் நடந்துக்கிட்டே இருக்கணும்.

ரெண்டு கணக்கு நோட்டு வெச்சிருக்கற அண்ணாச்சி கடையை நினைச்சுக்கோங்க. பழைய நோட்டுல இருக்கறதை முதல்ல புது நோட்டுல முழுசா எழுதிடணும். எழுதி முடிக்கறதுக்குள்ள நடக்கற வியாபாரத்தையும் உடனுக்குடன் புது நோட்டுல ஏத்தணும். அப்புறம் ரெண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கணும். கணக்கு ஒத்துப்போனா, முதல்ல கொஞ்சம் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் புது நோட்டைப் பார்த்து பதில் சொல்லணும். பிரச்னை இல்லைன்னா எல்லாரையும் மாத்தலாம். பழைய நோட்டைக் கொஞ்ச நாளைக்குக் கிழிச்சுப் போட்டுடாதீங்க. திரும்பி வர ஒரு வழி வேணும்.

பெரிய பள்ளம் எல்லாம் சின்ன விஷயத்துலதான். உதாரணத்துக்கு, ஆரக்கிள்ல வெறும் எழுத்துச்சரம் போட்டா அதை நல்-ன்னு எடுத்துக்கும். போஸ்ட்கிரெஸ்ல வெறுமை வேற, நல் வேற. முகவரியில ரெண்டாவது வரி இல்லாத ஆளுங்களைத் தேடற குவெரி, ஒரு இடத்துல ஆயிரம் பேரைக் காட்டும், இன்னொரு இடத்துல ஒருத்தரையும் காட்டாது. எரர் மெசேஜும் வராது!

அமேசான் இந்த வேலையை 2019 அக்டோபர்ல முடிச்சதா அறிவிச்சுது. கிட்டத்தட்ட 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ், 75 பெட்டாபைட் தகவல், அதாவது ஏழரைக் கோடி ஜி.பி.! நூறுக்கும் மேற்பட்ட டீம்கள் இறங்கி இழுத்த தேர். ஆரக்கிளோட இறுகப் பிணைஞ்ச சில வெளி நிறுவன சாஃப்ட்வேர்கள் மட்டும் அப்படியே இருந்துச்சு. செலவு 60 சதவிகிதம், பராமரிப்பு வேலை 70 சதவிகிதம் குறைஞ்சதுன்னு சொன்னாங்க. தன் சரக்கைத் தானே புகழற கணக்குதான் இது, கொஞ்சம் தள்ளுபடி போட்டே படிங்க.

அந்த 70 சதவிகிதத்துல ஒரு சேதி இருக்கு. டேட்டாபேஸ் அட்மின் வேலைக்குப் படிக்கற நண்பர்களே, பேக்கப் எடுக்கறதும் பேட்ச் போடறதும் மட்டும் தெரிஞ்சா இனி பத்தாது. எந்தத் தகவலுக்கு எந்த டேட்டாபேஸ் பொருந்தும்னு சொல்லத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் கிராக்கி.

மெஸ்ஸே லீவு விட்டா?

2025 அக்டோபர் 20. அமெரிக்காவுல வட வர்ஜீனியா பக்கம் இருக்கற அமேசான் கிளவுட் மையத்துல டைனமோடிபியோட முகவரிப் பட்டியல், ஒரு தானியங்கி புரோகிராமோட தப்பால காலியாப் போச்சு. டேட்டாபேஸ் உயிரோடதான் இருந்துச்சு. போய்ச் சேர வழிதான் தெரியலை! அதை நம்பியிருந்த ஸ்னாப்சாட், ரோப்லாக்ஸ்னு வரிசையா எல்லாம் முடங்குச்சு.

இன்னொரு பக்கம் பாருங்க. 2017 ஜனவரி 31 ராத்திரி, கிட்லேப் நிறுவனம். தன் டேட்டாபேஸைத் தானே பராமரிச்ச நிறுவனம் அது. வேலையில இருந்த இன்ஜினீயர் ஒருத்தர் தப்பான சர்வர்ல டெலிட் கமாண்ட் கொடுத்துட்டார். சுமார் 300 ஜி.பி.யில மிஞ்சினது 4.5 ஜி.பி. பேக்கப் எல்லாம் ஒழுங்கா ஓடுதுன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. திறந்து பார்த்தா, ஒண்ணு மாத்தி ஒண்ணு கைவிட்டுது. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு காப்பிதான் மானத்தைக் காப்பாத்துச்சு.

ஆக, ரூம்ல சமைச்சாலும் கை சுடும், மெஸ்ஸை நம்பினாலும் ஒரு நாள் பட்டினி கிடக்க நேரும். வேலையை வாடகைக்கு விடலாம். பொறுப்பை விட முடியாது.

இந்த வார ஹோம்வொர்க்

உங்க மினி புராஜெக்ட்டை எடுங்க. அது டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்விகளை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதுங்க. எத்தனைக்கு ஒரு கீ போதும், எத்தனைக்கு நிஜமாவே ஜாயின் வேணும்னு எண்ணுங்க. அமேசான் செஞ்சதும் இதையேதான். அப்புறம் பேக்கப் எடுத்து, வேற ஒரு கம்ப்யூட்டர்ல அதை உயிர்ப்பிச்சுப் பாருங்க. கிளவுட்ல முயற்சி பண்றவங்க, முதல் வேலையா செலவு எச்சரிக்கையை செட் பண்ணிடுங்க. மறந்துபோய் ஓடவிட்ட டேட்டாபேஸ், அப்பாவோட கார்டுல பில்லைப் போட்டுடும்!

இது எல்லாம் செஞ்சுட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிச்சாலும் பயமில்லை. எழுந்திரிச்சா என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம்: உங்க பாஸ்வேர்டு டேட்டாபேஸ்ல எந்த வேஷத்துல ஒளிஞ்சிருக்கு?