டென்ட் அடிக்க யாரிடம் கேட்பது?

போன கோடை விடுமுறையில் எங்கள் பகுதிப் பையன்கள் நான்கு பேர் காசு சேர்த்து ஆன்லைனில் ஒரு டென்ட் வாங்கினார்கள். நான்கு பேருமே கல்லூரி மாணவர்கள். அன்னூர் பக்கம் ஒரு குளக்கரை. மேடான இடம், வேப்பமரம், பக்கத்தில் வீடு எதுவும் இல்லை. சாயங்காலம் போய் டென்டைப் போட்டுவிட்டு, கட்டிக்கொண்டு போன பரோட்டாவைப் பிரிக்கும்போது இரண்டு பைக் வந்து நின்றது.

"எந்த ஊருடா?"

ஊர்ப் பெயரைச் சொன்னார்கள்.

"ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?"

கொங்குநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வியை விளக்க வேண்டியதில்லை. சாதிப் பெயரை வாயால் சொல்லாமலே சாதியைக் கேட்கும் முறை இது. 'அந்தப் பக்கம்' என்றால் காலனி. (காலனி என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் ரூட் பஸ் கண்டக்டருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.) பத்து நிமிடத்தில் டென்டைச் சுருட்டிக்கொண்டு பையன்கள் நடையைக் கட்டினார்கள். அதே குளக்கரையில் இரண்டு வாரத்துக்கு முன்னால் டவுனில் இருந்து சைக்கிளில் வந்த ஒரு குழு தங்கியிருந்தது. நெருப்பு மூட்டி, பாட்டுப் போட்டு, விடிந்ததும் கிளம்பிப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குக் காலையில் பால் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் ஒருவர்தான் அந்த பைக்கில் வந்தவர்.

மறுநாள் பையன்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணா, நம்ம சட்டத்துல டென்ட் போட உரிமை இருக்குதா, இல்லையா?"

இல்லை. முதலில் அதை ஒப்புக்கொண்டு விடுவோம். வெட்டவெளியில் ஒரு இரவு தங்கும் உரிமை என்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. ஸ்வீடனில் உண்டு, அங்கே அது காலங்காலமான வழக்கம். ஸ்காட்லாந்தில் 2003-இல் சட்டமே போட்டார்கள். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தில் ஒரு பெரிய நிலவுடைமைத் தம்பதி, 'எங்கள் நிலத்தில் எங்கள் அனுமதி இல்லாமல் யாரும் டென்ட் போடக் கூடாது' என்று வழக்குப் போட்டு 2023 ஜனவரியில் ஜெயித்தார்கள். அதே வருடம் ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2025 மே 21 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், டார்ட்மூர் பொதுநிலங்களுக்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமையில் இரவு தங்குவதும் அடங்கும் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நிலம் தனியாருடையது, ஆனால் நடக்கவும் தங்கவும் உரிமை மக்களுடையது.

இந்த உரிமைகளை அங்கே யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பி, பிரபுக்கள் வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலையில் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். வாரம் பூராவும் புகையிலும் இரைச்சலிலும் வேலை செய்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மலை வேண்டும், அவ்வளவுதான் அவர்களுடைய கோரிக்கை. நம் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்படுகிறோம். மில்லை எடுத்துக்கொண்டோம், மலையை விட்டுவிட்டோம்.

நம் தோழர்களில் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். 'டென்ட், டிரெக்கிங் எல்லாம் பணக்காரப் பையன்கள் விளையாட்டு, நமக்கு வேறு வேலை இல்லையா?' என் தாத்தா தன் வாழ்நாளில் பாதி இரவுகளை வெட்டவெளியில்தான் படுத்தார். பண்ணையாளாக, நிலக்கடலைக்கும் கரும்புக்கும் காவலாக. குளிருக்குச் சாக்கு, நரிக்குத் தடி. அடுத்தவன் வெள்ளாமைக்காக வெளியில் படுக்கும்போது யாரும் வந்து 'எந்தப் பக்கம்' என்று கேட்டதில்லை. அவருடைய கொள்ளுப்பேரன் நட்சத்திரம் பார்ப்பதற்காகப் படுத்தால் கேட்கிறார்கள். இது விளையாட்டுப் பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே கொங்கில் 2015 ஜூன் 23 அன்று, கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் தன்னுடன் படித்த தோழியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மலையில் யார் உட்காரலாம், யாரோடு உட்காரலாம் என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்று ஒரு கூட்டம் நினைத்ததன் விளைவு அது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நம் பிள்ளைகளின் டென்டைப் பற்றி நான் பேசுகிறேன்.

சட்டத்துக்கு வருவோம். தனி உரிமை இல்லை, ஆனால் சமத்துவம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 3(1)(இசட்ஏ) என்று ஒன்று உண்டு. ஊரின் பொதுச் சொத்து வளங்கள், ஆறு, ஓடை, குளம், சாலை, பாதை இவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பயன்படுத்துவதைத் தடுத்தால் குற்றம். குளக்கரையில் யாருமே தங்கக் கூடாது என்று கிராம சபை முடிவெடுத்து, அதை எல்லோரிடமும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தினால் அது வேறு விஷயம். சைக்கிள்காரர்களுக்குப் பால், நமக்கு விரட்டு என்றால் அது இந்தப் பிரிவுக்குள் வரும் விஷயம். பையன்களிடம் இதைத்தான் சொன்னேன். புகார் கொடுக்கலாமா என்று யோசித்தார்கள். படிப்பு முடியட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நான் வற்புறுத்தவில்லை. தெருவில் நடந்து காலேஜுக்குப் போக வேண்டியது அவர்கள்தான்.

அவர்கள் அன்றிரவு திரும்பி வந்த வழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு டென்டைவிட அது பெரிய விஷயம். குளத்திலிருந்து வர ஒரு இட்டேரி உண்டு. வெளிமாவட்ட வாசகர்களுக்காக: இட்டேரி என்பது இரண்டு தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் தடம். இரண்டு பக்கமும் கிளுவை உயிர்வேலி, அதன் மேல் பிரண்டையும் கோவைக்கொடியும், நடுவில் மாட்டுவண்டித் தடம். கீரி, மயில், ஓணான் எல்லாம் குடியிருக்கும். கொங்கில் குடியானவர்கள் அவரவர் தோட்டத்திலேயே சாளை கட்டிக் குடியிருப்பது வழக்கம். அதனால் ஊருக்கும் தோட்டத்துக்கும், தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே இந்தத் தடங்கள் வலைபோல ஓடின. எங்கள் பெண்கள் களை வெட்டப் போனது இதில். ஆடு மேய்த்தது, சுள்ளி பொறுக்கியது, பிணம் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனது எல்லாம் இதில்தான். துண்டு நிலம் இல்லாதவனுக்கு இந்த நாட்டுப்புறத்தில் கால் வைக்க இருந்த ஒரே இடம்.

இப்போது கிளுவை போய்க் கல்லுக்காலும் கம்பிவேலியும் வந்துவிட்டது. வேலி வருடத்துக்கு அரை அடி நகரும். வண்டித்தடம் ஒற்றையடித் தடமாகும். பிறகு ஒரு நாள் இரும்பு கேட், பூட்டு. மனைப்பிரிவு போடுகிறவர்கள் இன்னும் வேகம், தடத்தையே சேர்த்து அளந்து விற்றுவிடுகிறார்கள். பையன்கள் வந்த இட்டேரியின் பாதியில் அப்படி ஒரு கேட். சுற்றிக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்து வீடு சேரும்போது மணி பன்னிரண்டு. பகலில் அதே சுற்றைச் சுற்றித்தான் நூறுநாள் வேலைக்குப் போகும் பாட்டிகள் நடக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. நானும் இவ்வளவு நாள் எழுதவில்லை.

வேலிக்கும் சுவருக்கும் நம் வட்டாரத்தில் என்ன வரலாறு என்று தெரியும்தானே? மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் ஒரு உயரமான சுற்றுச்சுவர் அருந்ததியர் வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். 1924-இலேயே இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுப் பாதையிலும் தெருவிலும் யாரும் நடக்கலாம் என்று அரசாணையே வந்துவிட்டது. நூறு வருடம் கழித்தும் நாம் பாதையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது காடு. கோவையில் மலையேற்றம் போகும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. 'காட்டைத் திறந்து விடு, வனத்துறை எதற்கெடுத்தாலும் பூட்டுகிறது' என்பது அவர்கள் வாதம். இதில் அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இட்டேரி ஊரின் பொதுத்தடம். காடு அப்படிக் காலியாகக் கிடக்கும் இடம் கிடையாது. போளுவாம்பட்டியிலும் காரமடையிலும் இருளர்கள், ஆனைமலையில் மலசர், காடர். 1882-ஆம் ஆண்டு வனச்சட்டம் அவர்கள் புழங்கிய நிலத்தைக் காப்புக்காடு ஆக்கி, அவர்களையே அத்துமீறுகிறவர்கள் ஆக்கியது. வால்பாறை மலையில் கல்லார் காடர் குடியிருப்பு 2019-இல் மண்சரிவில் சிதைந்தது. அவர்கள் தெப்பக்குளமேட்டுக்குப் போய்க் குடிசை போட்டார்கள். வனத்துறை அகற்றியது. தேயிலைத் தோட்டத்துப் பழைய லைன் வீடுகளில் கிடந்து, போராடி, 2021-இல்தான் அங்கே குடியிருக்கப் பட்டா வாங்கினார்கள். காட்டில் பிறந்தவனுக்கு ஒரு குடிசை போட இரண்டு வருடம். சனிக்கிழமை கிளம்பிப் போகிறவனுக்கு டென்ட் போட உடனே உரிமை வேண்டும் என்று நான் எந்த முகத்தோடு கேட்பேன்?

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். மாட்டிக்கொண்டவர்களில் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போன குழுவும் உண்டு. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள் என்று ஒரு திட்டம் தொடங்கியது. வழிகாட்டி வேலை நல்லது. கட்டணம்தான் நம் பையன்களுக்கு எட்டாது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதி மாணவர்களுக்கும் வருடத்தில் ஒரு முறையாவது இலவசமாக அழைத்துப் போகக் கேட்க வேண்டும். பில்லூர் அணைப்பக்கம் பரளிக்காட்டில் இருளர்கள் பரிசல் ஓட்டி, சமைத்துப் போட்டு, வனத்துறையோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா பல வருடமாக ஓடுகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், வன உரிமைச் சட்டப்படி கிராம சபையே யாரை, எத்தனை பேரை, எந்த மாதத்தில் விடலாம் என்று முடிவெடுக்கும் நிலை வர வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் நாம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

பொறுப்பு என்ற சொல்லை எப்போதும் நம் பையன்கள் பக்கம் மட்டும் திருப்புவது எனக்கு எரிச்சல். நீலகிரியில் சீகூர் யானை வழித்தடத்தை மறித்து நின்ற ரிசார்ட்டுகளை மூட உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் வரை வர வேண்டியிருந்தது. அடுத்த ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரியும் பொருளை வீசினார்கள், யானை செத்தது. ஒரு இரவு டென்ட் போட்டவன் காலையில் சுருட்டிக்கொண்டு போகிறான். கான்கிரீட் போட்டவன் போவதில்லை.

இதைச் சொல்லிவிட்டு நம் பையன்களைத் திட்டாமல் விட்டால் நான் அண்ணன் இல்லை. கோடையில் நெருப்பு வைக்காதே, காய்ந்த கோரைக்குத் தீக்குச்சி தெரியாது. தொண்டாமுத்தூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை மலையடிவாரத்தில் ராத்திரி டென்ட் போடாதே, அது யானை நடக்கிற நேரம். பாட்டில் கொண்டு போகாதே. உடைந்த கண்ணாடி ஆட்டுக் காலிலும் செருப்பில்லாமல் களை எடுக்கிறவர் காலிலும்தான் ஏறும். ஒரு பிளாஸ்டிக் கவரைக்கூட விட்டுவிட்டு வராதே. நகரத்துப் பையனுக்கு அது சுற்றுச்சூழல் பாடம். நமக்கு, அதைப் பொறுக்கப் போவது விடிகாலை ஐந்து மணிக்குக் கையுறை இல்லாமல் வண்டி தள்ளும் நம் வீட்டுப் பெண்கள். வெள்ளியங்கிரி அடிவாரமானாலும் குளக்கரையானாலும் அள்ளுகிறவர் சாதி மாறுவதில்லை.

பையன்கள் இப்போது வேறு வேலையில் இருக்கிறார்கள். கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்து வைத்து, வண்டிப்பாதை, பாதைப் புறம்போக்கு என்று இருக்கும் ஒவ்வொரு புல எண்ணையும் நடந்தே சரிபார்க்கிறார்கள். டென்ட் வாங்கியவன்தான் போனில் படம் எடுத்துக் குறிக்கிறான். அந்த கேட் நிற்கும் இடம் பதிவேட்டில் பாதை என்றுதான் இருக்கிறது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தாருக்கு மனு தயார். அக்டோபர் 2 கிராம சபையில் அதையே தீர்மானமாக வைக்கப் போகிறார்கள். கையெழுத்துப் போட முதலில் வந்தவர்கள் நூறுநாள் வேலைக்குப் போகும் பாட்டிகள். குடியானவர் வளவிலிருந்தும் இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள், அவர்கள் தோட்டத்துக்கும் வழி அதுதானாம்.

கேட் திறந்தால் அந்த வாரமே மறுபடியும் குளக்கரைக்குப் போகிறோம் என்கிறார்கள். இந்த முறை என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் படுக்கிற டென்டில் ஐந்து பேர் எப்படிப் படுப்பது என்று தெரியவில்லை.