கோலின் நீளமும் இடனறிதலும்

நம் மாணவ நண்பருள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் தூண்டில் நினைவும் உடன்பிறந்து விடுகிறது. நல்ல பழக்கந்தான். இருட்டுக் கொட்டகையில் கழியும் பொழுதைக் காட்டிலும் நீர்க்கரையில் கழியும் பொழுது உடலுக்கும் உள்ளத்துக்கும் உரமூட்டும். ஆனால் தூண்டிற்கோல் வாங்கும்போது அவர்கள் கைக்கொள்ளும் கொள்கை எனக்கு உடன்பாடன்று. ‘நீளம் கூடக் கூட நன்மையும் கூடும்’ என்பதே அந்தக் கொள்கை. 12 அடிக் கோல் வைத்திருப்பவர் 6 அடிக் கோல்காரரைப் பார்க்கும் பார்வையிலே ஓர் ஏளனமும் கலந்திருக்கக் காண்கிறேன். கோலின் நீளத்தைப் பெருமை முடிவு செய்யலாகாது. கடைக்காரரும் முடிவு செய்யலாகாது. நாம் நிற்கும் இடமே முடிவு செய்ய வேண்டும்.

மிகக் குட்டையான கோல்களைக் காண வேண்டுமானால் பனிக்கட்டி மேல் அமர்ந்து மீன் பிடிப்போரிடம் செல்ல வேண்டும். நம் தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் டொரான்டோ நகருக்கு வடக்கே சிம்கோ என்னும் ஏரி இருக்கிறது. மாரிக்காலத்தில் அதன் மேற்பரப்பு கல்லாய் உறைந்துவிடும். தூண்டிற்காரர் அதில் 6 முதல் 10 அங்குலம் வரை அகலமுள்ள துளையொன்றைத் துருவி, அதன் அருகே அமர்ந்து முள்ளை நேரே கீழே இறக்குகிறார். அவர் கையிலுள்ள கோல் பெரும்பாலும் 2 அடிக்கும் 3 அடிக்கும் இடைப்பட்டது. சிறு கூடாரத்துள் குந்தியிருப்பவருக்கு 2 அல்லது 2½ அடி போதும். வெட்டவெளியில் நின்று பிடிப்பவர் 3 அடியோ, சற்று மேலோ கொள்வார். சிறுமீன் தேடுவோர் குட்டையை நாடுவர். பெருமீன் தேடுவோர் சற்று நீண்டதை நாடுவர். மிகக் குட்டையான கோல் வளைந்து கொடுக்காது. பெருமீனின் திடீர் இழுப்பில் தங்கூஸ் நரம்பு அறுந்துபோகும்.

அவர்கள் ஏன் 10 அடிக் கோலை விரும்புவதில்லை? அங்கே தூண்டிலைத் தொலைவில் வீச வேண்டிய தேவையே இல்லை. 10 அடிக் கோல் கொண்டவர் துளையை விட்டு அத்தனை தொலைவு தள்ளி உட்கார வேண்டும். மீன் துளைவாயில் வந்து துள்ளும்போது அவர் கை அதற்கு எட்டாது. வறுமையோ கஞ்சத்தனமோ கோலைக் குறுக்கவில்லை, இடம் குறுக்கியது.

‘பம்பாய் வெயிலில் வேகும் நமக்குப் பனிக்கட்டிப் பாடம் எதற்கு?’ என்று கேட்கலாம். இடம் மாறினாலும் பௌதிக விதி மாறுவதில்லையே! தூண்டிற்கோல் ஒரு நெம்புகோல். மீன் நுனியில் இழுக்கிறது. மணிக்கட்டு அடியில் தாங்குகிறது. அதே இழுப்புக்குக் கோலின் நீளம் இருமடங்கானால் மணிக்கட்டின் சுமையும் ஏறத்தாழ இருமடங்காகும். வளைவோ இருமடங்கோடு நிற்பதில்லை. ஒரே தடிப்பும் ஒரே பொருளும் உடைய கோல் இருமடங்கு நீண்டால், அதே பளுவுக்கு 8 மடங்கு வளையும். அதன் இயல்பான அதிர்வு வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். எனவே மீன் மெல்லக் கடிப்பதைக் கைக்கு உணர்த்துவதில் நீண்ட கோல் மந்தமானது. ஆனால் அதே கோலைச் சுழற்றும்போது நுனி விரைந்து பாய்கிறது. முள் தொலைவில் சென்று விழுகிறது. வளைந்து கொடுத்து நரம்பையும் காக்கிறது. ஒரு கையால் கொடுப்பதை நீளம் மறுகையால் வாங்கிக்கொள்கிறது என்பதே உண்மை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1891-இல் அமைந்த பவாய் ஏரியில் ரோகு, கட்லா, மிருகால் ஆகிய மீன்கள் உண்டு. உரிய அனுமதி பெற்றுக் கரையிலிருந்து தூண்டில் போடுவோருக்கு இடையூறு கரையோரத்து ஆகாயத்தாமரை. நரம்பை அதற்கு மேலே தூக்கிப் பிடிக்க 7 முதல் 10 அடிக் கோல் உதவும். அதே ஏரியில் படகில் அமர்ந்தால் 6 அடியே போதும். நீண்ட கோல் படகில் உடனிருப்பவர் கண்ணுக்குத்தான் ஆபத்து. பவாய், விகார் ஏரிகளின் மிகைநீர் மித்தி ஆறாகித் தாராவியை ஒட்டி ஓடி மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அக்கரைகளில் கோலே இல்லாமல், நரம்பைக் கையிலே சுற்றிக்கொண்டு நிற்கும் சிறுவனைக் கண்டால் சிரிக்காதீர்கள். கடலையே வாழ்வாகக் கொண்ட கோலி மீனவரும் படகிலிருந்து கைத்தூண்டில் இறக்குவதுண்டு. நேரே கீழே இறக்குபவனுக்குக் கோல் எதற்கு?

இதுவரை சொன்னது மீனைப் பற்றி. இனிச் சொல்வது உயிரைப் பற்றி.

இன்றைய கோல்களில் பல கரிமநாரால் ஆனவை. கரிமநார் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஈரமான மூங்கிலையும் நம்புவதற்கில்லை. மித்தி ஆற்றையும் மாகிம் கழிமுகத்தையும் கடந்து செல்லும் மின்சார இரயில்களின் மேற்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். செம்பூரை அடுத்த மாகுல், டிராம்பே பக்கமோ உயர்மின் கம்பிகள் நிறைந்த பகுதி. 6 அடி மனிதன் 12 அடிக் கோலைத் தலைக்கு மேல் உயர்த்தினால், நுனி ஏறத்தாழ 18 அடி உயரத்துக்குச் செல்கிறது. அத்தகைய கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை; மிக நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்து வரும். இரயில்நிலைய மேடையில் நீண்ட கோலை விரித்துக் காட்டும் விளையாட்டு வேண்டவே வேண்டா. இடி மின்னல் நேரத்தில் அதனை ஏந்தி நிற்பதும் அத்தகையதே.

நீளம் குறைந்தாலும் ஆபத்து உண்டு. பாந்திராக் கடற்பாறைகளில் 6 அடிக் கோலோடு நிற்பவன், நரம்பு பாறையில் சிக்காமலிருக்கப் பாசி படர்ந்த கீழ்ப்பாறைக்கு இறங்குவான். அங்கே 10 அடிக்கு மேற்பட்ட கோல் வேண்டும். அதைக் கொண்டு உலர்ந்த மேற்பாறையிலேயே நிற்கலாம். ஆனால் மழைக்காலத்தில் கடல் 4.5 மீட்டருக்கு மேல் பொங்கும் நாள்களை மாநகராட்சி முன்னறிவிக்கிறதே, அந்நாள்களில் எந்த நீளமும் நம்மைக் காக்காது. அன்று கோல் வீட்டிலேயே இருக்கட்டும்.

உதவிச் சம்பளத்தில் காலந்தள்ளும் மாணவருக்கு இரண்டு மூன்று கோல் வாங்க வசதி ஏது? ஒன்றே வாங்குவதாயின் 7 அடி அளவில், இரண்டாகக் கழற்றக்கூடியதை வாங்குங்கள். பவாய்க் கரைக்கும் படகுக்கும் அது ஒருவாறு ஈடுகொடுக்கும். கூட்டம் நெரியும் மின்சார இரயிலிலும் பிறரைக் குத்தாது. கடற்பாறைக்கு அது போதாது. போதாத கோலோடு அங்கே இறங்காதிருப்பதும் அறிவுடைமையே.

வள்ளுவர் இடனறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆழ்ந்த நீரில் எதனையும் வெல்லும் முதலை, நீரை விட்டு நீங்கினால் பிறவற்றால் வெல்லப்படும் என்று அதிலே காட்டினார். பவாய் ஏரியில் இன்றும் முதலைகள் உண்டு! ஆதலின் நண்பர்களே, கடைக்காரர் ‘எத்தனை அடி வேண்டும்?’ என்று கேட்டால் உடனே எண்ணைச் சொல்லாதீர்கள். எங்கே நிற்கப் போகிறோம், தலைக்கு மேல் என்ன இருக்கிறது, காலுக்குக் கீழ் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதன்பின் அடிக்கணக்கு தானே விளங்கும்.