யூதர் மொழிகளும் பல்கலைக்கழகக் கல்வியும்

ஓரினத்தின் மொழியையும் சமயத்தையும் பண்பாட்டையும் அவ்வினத்தார் தம் பள்ளிகளிலும் வழிபாட்டிடங்களிலும் வழிவழியாக ஓதிவருவது ஒன்று. பல்கலைக்கழகமொன்று அவற்றை ஆராய்ச்சித் துறையாக ஏற்றுக் கற்பிப்பது பிறிதொன்று. முன்னது மரபைக் காப்பது. பின்னது அதனை ஆராய்ந்து உலகறியச் செய்வது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பமாட்டாது. இவ்வுண்மையை யூத இயற் கல்வியின் வரலாறு நன்கு விளக்குகின்றது. பழந்தமிழைப் போற்றிப் பயிற்றும் தொழிலினராகிய நாம் அதனின்றும் அறியத்தக்கவை பல.

எபிரேயம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் புதியதன்று. கேம்பிரிட்ஜில் 1540இலும் ஒக்ஸ்போட்டில் 1546இலும் எபிரேயப் பேராசிரியர் பதவிகள் அரசனால் நிறுவப்பட்டன. ஆயின், அங்கே எபிரேயம் பெரிதும் கிறித்தவ வேதத்தின் பழைய ஏற்பாட்டைக் கற்றற்குரிய கருவியாகவே மதிக்கப்பட்டது. அதன்பின் யூதர் இயற்றிய சட்டமும் செய்யுளும் மெய்யியலும் தம்பொருட்டே கற்கத்தக்கன என்று கருதினோர் மிகச் சிலர்.

1819இலே பேர்லின் நகரில் இளைஞர் சிலர் கூடி, யூதர் பண்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்குமெனக் கழகமொன்றை நிறுவினர். லியோபோல்ட் சுன்ஸ் என்பார் அவருள் தலையாயவர். கவிஞர் ஹைனேயும் அக்கழகத்திற் சேர்ந்திருந்தார். கிரேக்க இலத்தீன் நூல்களை ஆராயும் முறையிலேயே, பாடபேதம் நோக்கியும் காலம் வரையறுத்தும், யூதர் நூல்களையும் ஆராய்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 1848இல் சுன்ஸ், யூத வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் பேர்லின் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பதவி வேண்டும் என்று பிரசிய அரசினை வேண்டினார். வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அதனால் யூதர் தம் பொருளைக் கொண்டே 1854இல் பிரெஸ்லாவிலும் 1872இல் பேர்லினிலும் தனிக் கல்லூரிகளை அமைத்தனர். பேர்லின் கல்லூரியை 1942இல் நாசி அரசு மூடிவிட்டது.

1925ஆம் ஆண்டை இத்துறையின் நல்லாண்டு எனலாம். எருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது அவ்வாண்டிலேயே. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஹரி வுல்ப்சன் எபிரேய இலக்கியத்துக்கும் மெய்யியலுக்கும் பேராசிரியரானதும், வில்னா நகரில் யிடிஷ் மொழிக்கென 'யிவோ' என்னும் ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும் அவ்வாண்டிலேதான். ஐந்தாண்டு கழித்து, கொலம்பியாவில் சாலோ பாரன் யூத வரலாற்றைக் கற்பிக்கத் தொடங்கினார்.

யூதருக்கு மொழி ஒன்றன்று என்பதை ஈண்டு நினைதல் வேண்டும். தல்மூத்தின் பெரும்பகுதி அரமேயத்தில் அமைந்தது. மைமோனிதீசர் தம் மெய்யியற் பெருநூலை எபிரேய எழுத்தில் அரபு மொழியிலேயே எழுதினார். 1492இல் ஸ்பெயினினின்றும் துரத்தப்பட்டோர் தம்முடன் கொண்டுசென்ற பேச்சு லடினோவாயிற்று. கிழக்கைரோப்பிய யூதர் வீட்டிலும் அங்காடியிலும் பேசியது யிடிஷ். எபிரேயம் மட்டும் கற்றவன் யூதரின் கோயிலைக் கண்டானே யன்றி அவர்தம் வீட்டைக் கண்டானல்லன்.

ஆயினும், இம்மொழிகளுள் யிடிஷுக்கு நேர்ந்த இடர் பிறராலன்றி உற்றாராலும் வந்தது. 1927இல் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் யிடிஷ் மொழிக்குப் பேராசிரியர் பதவியொன்று நிறுவுதற்குப் பொருளுதவி முன்வந்தது. எபிரேயப் பற்றாளர் கொதித்தெழுந்தனர், முயற்சி கைவிடப்பட்டது. அவர்தம் அச்சம் முற்றும் பொருளற்றதன்று. நெடுங்காலம் நூல்வழக்கிலும் வழிபாட்டிலுமே பெரிதும் நின்ற எபிரேயத்தை, எலியேசர் பென் யெகூதா போன்றோர் பெருமுயற்சியாற் பேச்சுவழக்காக்கிய காலம் அது. இளங்கன்றின் அருகே வேறொரு மாடும் மேய்தலை அவர் விரும்பவில்லை. ஆயின், கற்பிக்கும் மொழியைத் தேர்தல் வேறு; கற்கப்படும் மொழியை விலக்குதல் வேறு. இவ்வேறுபாட்டை அவர் நோக்காமை பெருங்குறையாம்.

பின்னர் வந்த கேடு யாவரும் அறிந்ததே. நாசிகள் கொன்ற ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதருட் பெரும்பாலார் யிடிஷ் பேசியவர். வில்னா நூல்நிலையங்களைச் சூறையாடி, பிராங்பேட்டில் தாம் அமைத்த யூதப் பகை 'ஆராய்ச்சி' நிலையத்துக்கு நூல்களை அனுப்பினர் அக்கொடியோர். அன்பற்ற கல்வி எத்தகைய நஞ்சாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நூல்களைப் பிரிக்கும் பணிக்கு அமர்த்தப்பட்ட யூதர், கவிஞர் சுட்ஸ்கேவர் உட்பட, உயிரைப் பணயம் வைத்து ஏடுகளை உடைக்குள் மறைத்துச் சென்று ஒளித்துக் காத்தனர்.

எருசலேமில் யிடிஷுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்தது 1951இலேயே. கண் கெட்ட பின்னர்ச் சூரிய நமஸ்காரம் என்பது நம்மவர் பழமொழி. எனினும், எஞ்சியதைக் காக்கும் முயற்சி பயனின்றிப் போகவில்லை. கொலம்பியாவில் ஊரியல் வைன்ரைக் தொடங்கிய ஆய்விலே, அழிந்துபோன ஊர்களின் பேச்சுவேறுபாடுகள், பிறநாடு புகுந்து உயிர்தப்பியோரை வினவிப் பதிவு செய்யப்பட்டன. ஊர்ப்பேச்சைக் கொச்சையென்று ஒதுக்கும் பழக்கமுடைய நம்மனோர் இதனை ஊன்றி நோக்குக.

இத்துறை நமக்குச் சேய்மையதும் அன்று. 849ஆம் ஆண்டில் வட்டெழுத்திற் பொறிக்கப்பட்ட கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், எபிரேய எழுத்திற் பாரசீக மொழியில் யூதர் சான்றொப்பமிட்டுள்ளனர். சேரமன்னன் பாஸ்கர இரவி, யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகருக்கு 72 உரிமைகளை அளித்த செப்பேடும் உண்டு. கொச்சி யூதப் பெண்டிர் கையேடுகளில் எழுதிக் காத்த மலையாளப் பாடல்கள் பல. அவ்வினத்தாருட் பெரும்பாலார் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்தம் பேச்சுவழக்கை அறிந்தோர் இன்று முதியோர் சிலரே. பழந்தமிழும் எபிரேயமும் ஒருங்கே கற்றவரே இச்சான்றுகளைச் செவ்வனே ஆராயவல்லார்.

விவிலியத்தில் வரும் 'துக்கி' என்னும் எபிரேயச் சொல் நம் 'தோகை'யே என்று கால்டுவெல் முதலியோர் கூறியதை மேடைதோறும் எடுத்துரைத்து மகிழ்கின்றோம். அச்சொல்லை அதன் மூல எழுத்திற் படித்து அம்முடிபின் வன்மை மென்மைகளைத் தாமே சீர்தூக்கவல்ல தமிழ் மாணவர் எத்துணைப் பேர்? பிறர் சொல்லக் கேட்டுப் பெருமை கொள்ளுதல் புலமையாகாது.

பிறர் சமயநூலைக் கற்றலால் தம் சமயம் தளரும் என்று அஞ்சுவாரும் உளர். தம் சைவத்திற் சிறிதும் நெகிழாத ஆறுமுக நாவலரவர்கள், பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத் தமிழாக்கத்துக்கு உழைத்ததை அன்னார் நினைவுகூர்வாராக. அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது.

நம் பல்கலைக்கழகங்கள் எபிரேயத்துக்குத் தனித்துறை அமைக்கும் காலம் உடன் வாராதிருக்கலாம். தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் மாணவருள் ஓரிருவரேனும் அம்மொழியைக் கற்க உதவிப் பொருள் அளித்தல் அரிதன்று. அதனோடு, நம்மூர் முதியோர் நாவில் நிற்கும் சொற்களையும் பாடல்களையும் மாணவரைக்கொண்டு இன்றே எழுதுவித்தல் ஆசிரியர் யாவர்க்கும் இயல்வதே. பேசுவோர் உள்ளபோதே செய்தற்குரிய பணி இது.